சினை நண்டும் ஏழாம் கற்பனையும்



ஜூன் 14-ந் தேதியோடு தடைக்காலம் முடிந்து, 61 நாளாய்த் துறையிலே கட்டிக் கிடந்த விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டன. அதே மாதத்தில் பள்ளிக்கூடமும் திறந்து, ஞாயிறு பூசைக்குப் பின் நடக்கும் ஞானோபதேச வகுப்பும் ஆரம்பமாகியிருக்கிறது. தகப்பன்மார் கடலிலும் பிள்ளைகள் பாடத்திலும் ஏக காலத்தில் இறங்கியிருக்கிற இந்தச் சமயத்தில், இரண்டையும் சேர்த்து ஒரு காரியம் பேச வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளின் புஸ்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். சுற்றுப்புறத்தைக் காக்க வேண்டும், நீரைச் சிக்கனமாய்ச் செலவிட வேண்டும், மரம் நட வேண்டும் என்ற பாடம் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. 1991-ம் வருஷம் உச்ச நீதிமன்றமே இதைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கும்படி உத்தரவிட்டது. நல்லதுதான். மன்னார் வளைகுடாவில் எத்தனை தீவுகள் என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை 21 என்று பட்டென்று சொல்கிறது. 1986-ல் அது தேசியப் பூங்காவாயிற்று, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று என்றும் சொல்கிறது. ஆனால் அந்த 21 தீவுகளில் இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்குள்ளே இருக்கின்றன என்பதும், அவை அப்படி மூழ்கினதற்குக் காரணம் என்ன என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. அதன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னுகிற தாத்தாவுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.

சென்ற ஞாயிறு பத்துக் கற்பனைகளைப் பற்றிய பாடம். ஏழாம் கற்பனையாகிய களவு செய்யாதிருப்பாயாக என்பதை விளக்கிக்கொண்டிருந்தேன். பென்சில் திருடுவது, மாங்காய் திருடுவது, கடையில் எடை குறைப்பது என்று வழக்கமான உதாரணங்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சாமி, சினை நண்டு பிடிச்சு விக்கிறது களவா?" என்று கேட்டான்.

வகுப்பு அமைதியாய்ப் போயிற்று. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருடைய தகப்பன்மார் நண்டு வலைக்காரர். கேட்ட பையனுடைய தகப்பனாரும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அந்த வாரந்தான் நண்டின் பிறப்பைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தாராம்: ஒரு நீலக்கால் நண்டு தன் வயிற்று மடிப்பின் கீழ் இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறதென்றும், அவை முதலில் மஞ்சளாயிருந்து, பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுத்துவிடுகின்றனவென்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் மறுநாள் காலையில் துறைக்குப் போய், தன் தகப்பனார் வலையிலிருந்து கழற்றிப் போட்ட கூடையிலே கறுத்த சினை நண்டுகளைக் கண்டிருக்கிறான். பாடமும் கூடையும் அவன் மனதில் மோதிக்கொண்டன. அந்த மோதலைத்தான் அவன் கோவிலுக்குக் கொண்டுவந்தான். அவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வகுப்பிலே சுருக்கமாய்ச் சொன்னதை இங்கே உங்கள் எல்லாருக்கும் சற்று விரித்துச் சொல்கிறேன்.

மோயீசன் வழியாகச் சர்வேசுரன் இஸ்ராயேல் சனத்துக்குக் கொடுத்த சட்டங்களில் சின்னதாய் ஒரு சட்டம் உண்டு. உபாகமம் 22-ம் அதிகாரத்தில் 6-ம் 7-ம் வசனங்களாய் வருகிறது. வழியிலே மரத்திலாவது தரையிலாவது ஒரு குருவிக் கூட்டைக் காண்கிறாய். தாய் முட்டைகளின்மேல் அல்லது குஞ்சுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்போது குஞ்சை எடுத்துக்கொள்ளலாம், தாயையும் குஞ்சையும் சேர்த்து எடுக்காதே, தாயைப் போகவிடு என்பது அதன் கருத்து. அப்படிச் செய்கிறவனுக்கு ஆண்டவர் வாக்களிக்கும் பலன் என்ன தெரியுமா? நன்மையும் நீடிய ஆயுளும். நான்காம் கற்பனையிலே தாய் தகப்பனைச் சங்கிக்கிறவனுக்கு என்ன பலன் சொல்லப்பட்டதோ, ஏறக்குறைய அதே பலன். சர்வலோகத்தையும் உண்டாக்கினவர் ஒரு குருவிக் கூட்டுக்காக இறங்கிவந்து சட்டம் போடுகிறார். பெற்றோரை மதிப்பதற்கு நிகரான வெகுமதியையும் அதற்கு வைக்கிறார். வேதாகமத்தை வாசிக்கிற நாம் இந்த இரண்டு வசனங்களையும் அவசரமாய்த் தாண்டிப் போய்விடுகிறோம்.

கவனியுங்கள்: எடுக்கவே கூடாதென்று ஆண்டவர் சொல்லவில்லை. மனிதன் பசிக்கிறவன் என்று அவருக்குத் தெரியும். எடு, ஆனால் மறுபடி உண்டாவதற்கு வழிவிட்டு எடு என்பதே கட்டளை. ஆதியாகமம் 2-ம் அதிகாரத்திலும் இதே இரண்டு காரியங்கள்தான். ஆதாமைத் தோட்டத்திலே வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும். பண்படுத்துவது மட்டும் என்றால் நம்முடைய இஞ்சினும் வலையும் போதும். காக்கவும் வேண்டும் என்றதனால்தான் மனசாட்சி தேவைப்படுகிறது.

சரி, இதற்கும் களவுக்கும் என்ன சம்பந்தம்? கடல் யாருடைய சொத்தும் அல்லவே, யாருடையதை நான் திருடினேன் என்று ஒருவர் கேட்கலாம். 1992-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2415-ம் எண்ணைப் பாருங்கள். படைப்பை மதித்து நடப்பதைத் திருச்சபை வேறெங்கும் வைக்காமல் ஏழாம் கற்பனையின் கீழேயே வைத்திருக்கிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது. மிருகங்களும் செடிகொடிகளும் உயிரற்ற பொருட்களும், முன்னே வாழ்ந்தவர்கள், இப்போது வாழ்கிறவர்கள், இனிப் பிறக்கப் போகிறவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தாருக்கும் பொது நன்மையாய் நியமிக்கப்பட்டவை. ஆக, கடலுக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது தப்பு. இன்னும் ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்து சேராத பிள்ளைகளும் அதில் பங்காளிகள். அவர்கள் பங்கை அவர்கள் வருமுன்னே எடுத்துத் தீர்த்துவிட்டால் அதற்குப் பேர் என்ன? அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் என்பவரும் உடைமையைப் பற்றிப் பேசும்போது, பொருளைச் சம்பாதிப்பதும் நிர்வகிப்பதும் அவனவனுடையதாகலாம், ஆனால் அனுபவிப்பதிலே அதைப் பொதுவென்றே எண்ண வேண்டும் என்று போதிக்கிறார்.

இது எங்கேயோ நடக்கிற கதையல்ல, நம் துறையின் கதை. நம் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பேர். அர்ச். சவேரியார் 1542-ல் இங்கே வந்தபோதும் அதுதான் பேர். அந்தப் பேர் இப்போது பேராக மட்டும் நிற்கிறது. தூத்துக்குடிப் பார்களில் சர்க்கார் கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். சிறு பிள்ளையாய்த் தகப்பன் தோளிலிருந்து அதை வேடிக்கை பார்த்தவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், சிப்பிகள் கரையிலே மலைபோல் குவிந்ததைச் சொல்வார்கள். அதைவிட முக்கியமாய் இன்னொன்று உண்டு. முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்குமுன் பார்களைச் சோதித்துப் பார்ப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அது முற்றியதா, போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்து, முற்றவில்லை என்றால் அந்த வருஷம் குளிப்பு இல்லை. வருஷக்கணக்காய்க் காத்திருப்பார்கள். சங்குக் குளிப்பிலும் அப்படியே. எடுத்த சங்கை அளவு வளையத்தில் இட்டுப் பார்த்து, அளவுக்குக் குறைந்ததை உயிரோடே கடலில் திரும்பப் போடும் ஒழுங்கு இருந்தது. காத்திருப்பதும் திருப்பி விடுவதும் இந்தக் கரைக்குப் புதிய பாடமல்ல. பள்ளிக்கூடப் புஸ்தகம் இதை எங்கிருந்தோ இறக்குமதி செய்து கொண்டுவந்ததுபோல் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். நம் பாட்டன்மார் செய்ததைத்தான் அது நமக்கு ஞாபகப்படுத்துகிறது.

இனி அந்த இரண்டு தீவுகள். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள விலங்குச்சல்லியும், கீழக்கரைக் கூட்டத்திலுள்ள பூவரசன்பட்டியும் மூழ்கிப் போயின. பல வருஷங்களாய்ப் பவளப்பாறையை வெட்டி வள்ளம் வள்ளமாய்க் கொண்டுவந்து, சுண்ணாம்பு சுடவும் கட்டடத்துக்கும் விற்றதை நீங்கள் அறிவீர்கள். அலையைத் தடுத்து நின்ற சுவரைப் பெயர்த்துவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வருவதில் ஆச்சரியம் என்ன? 2001-ல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004-ம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு வெட்டுவதும் நின்றது. வான் தீவு சுருங்கிக்கொண்டே வந்ததால் 2015 முதல் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தடுக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். சர்வேசுரன் ஆயிரக்கணக்கான வருஷமாய்ப் பூச்சி பூச்சியாய்க் கட்டியெழுப்பினதை நாம் கடப்பாரையால் பெயர்த்தோம். இப்போது சிமெண்டால் ஒட்டுப் போடுகிறோம்.

நியாயமாய்ப் பேச வேண்டுமானால் எல்லாப் பழியையும் மீனவர் தலையில் போடுவது அநியாயம். 1998-லும் 2010-லும் 2016-லும் கடல் தண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி நம் பவளங்கள் வெளுத்துச் செத்தன. அந்தச் சூட்டை மூட்டியது கட்டுமரமல்ல. உலகமெங்கும் எரிகிற கரியும் எண்ணெயும். ஆலைக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் கடலுக்கு வருவதும் நம் கையில் இல்லை. இவற்றை எடுத்துக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் பிறனுடைய பெரிய பாவத்தைக் காட்டி என்னுடைய பாவத்தை மறைக்கிற வித்தை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் செல்லாது.

அந்தப் பையனுடைய தகப்பனார் மறுநாள் என்னிடம் வந்தார். கோபத்தோடு வரவில்லை, சங்கடத்தோடு வந்தார். "சாமி, நான் அந்த நண்டை விட்டா அடுத்த வலைக்காரன் எடுக்கிறான். சினை நண்டுதான் கனமா நிக்கும், எடைக்கு எடை துட்டு. வியாபாரிகிட்ட வாங்குன முன்பணம் கழுத்துல நிக்குது. பிள்ளைக்குப் பீஸ் கட்டணும். நீங்க களவுன்னு சொன்னா நான் என்ன செய்ய?" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலிலே வேத சாஸ்திரம் உண்டு, ஆகையால் எல்லாரும் கேளுங்கள்.

ஒரு செய்கை சாவான பாவமாவதற்கு மூன்று வேண்டும்: கனமான காரியம், தெளிந்த அறிவு, முழுச் சம்மதம். தெரியாமல் செய்தவன்மேல் குற்றமில்லை. நெருக்கடியிலே, வயிற்றுக்கு வழியில்லாமல் செய்தவனுடைய குற்றம் குறைகிறது. செத்துப்போய் வலையில் வந்த சினை நண்டைத் திருப்பிக் கடலில் எறிவதால் ஒரு புண்ணியமும் இல்லை. நாட்டுவள்ளத்தில் நாலு வலை போடுகிற ஏழையும், வருமானம் போதுமான அளவு இருந்தும் பொடிக்கண் மடியால் தரையோடு வாரிக்கொண்டு வருகிறவரும் ஒரே தராசில் நிற்பதில்லை. வாரிக் கொண்டு வந்ததிலே ஒரு பங்கு கோழித்தீவனத்துக்கு மாவாகப் போகிறது. அந்தப் பொடி மீன்கள் என்ன மீன் என்று பேர் சொல்லக்கூடப் பருவம் வராத குஞ்சுகள். இது கனமான காரியம். அப்படியே, முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டி வைத்துக்கொண்டு, சினையோ குஞ்சோ எதைக் கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்கிற வியாபாரியும் கரையில் நின்றபடியே அந்த வலையின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார். நம் பங்கிலே வியாபாரிகள் இருக்கிறார்கள், நல்ல மனதுள்ளவர்கள். கோவில் திருநாளுக்குத் தாராளமாய்க் கொடுக்கிறவர்கள். அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: திருநாள் வரியைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, உயிருள்ள சினை நண்டை வாங்க மாட்டோம் என்று நீங்கள் கூடிப் பேசி முடிவு செய்தால், அடுத்த வலைக்காரன் எடுக்கிறான் என்ற அந்தத் தகப்பனுடைய நியாயம் ஒரே நாளில் அற்றுப் போகும்.

இன்னொன்று. களவுக்குப் பாவசங்கீர்த்தனம் மாத்திரம் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சின்னக் குறிப்பிடத்திலேயே படித்தோம். ஆயக்காரனாகிய சக்கேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பேன் என்றான். கடலுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? அங்கேதான் சர்வேசுரனுடைய இரக்கத்தைப் பார்க்கிறேன். நாம் கொடுக்க வேண்டியதில்லை, எடுக்காமல் விட்டால் போதும். நாலத்தனையல்ல, இலட்சத்தனையாய்க் கடலே பெருக்கிக்கொள்ளும். முட்டையிலிருந்து வெளிவருகிற குஞ்சுகளில் மிகச் சிலவே பிழைக்கும் என்பது மெய்தான். அதற்காகத்தான் அத்தனை இலட்சம் வைத்தார்.

இப்போது பள்ளிக்கூடத்து விஷயத்துக்கு வருகிறேன். அர்ச். சவேரியார் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ரோமையிலுள்ள தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கரையில் தாம் வேதம் போதித்த விதத்தை விவரித்திருக்கிறார். கையில் மணியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளைக் கூட்டுவார். செபங்களைத் தமிழிலே கற்பிப்பார். படித்ததை வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்புவார். இந்தக் கரையின் விசுவாசம் பாதிக்கு மேல் பிள்ளைகள் வாயால் வீடுகளுக்குள் போனது என்றால் மிகையல்ல. அவர் வந்த வழியைத்தான் இப்போது அரசாங்கமும் பிடித்திருக்கிறது: பள்ளிகளில் தேசிய பசுமைப் படை, 2019 சனவரி முதல் தேதியிலிருந்து நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடை, 2021-ல் தொடங்கிய மஞ்சப்பை இயக்கம், எல்லாவற்றிலும் பிள்ளைகளை முன்னே நிறுத்துகிறார்கள்.

ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு; ஆசிரியர்களும் உபதேசியார்களும் கவனிக்க வேண்டும். பிள்ளையைத் தகப்பனுக்கு எதிரே போலீஸ்காரனாய் நிறுத்தக்கூடாது. "உன் அப்பா என்ன வலை போடுகிறார்? எழுதிக்கொண்டு வா" என்று கேட்பது அக்கிரமம். ஏழாம் கற்பனையைக் காப்பாற்றப் போய் நான்காம் கற்பனையை உடைப்பதாகும். தகப்பன் இரவெல்லாம் கண்விழித்துக் கொண்டுவந்த காசில் சாப்பிட்டுவிட்டு, அவரைக் குற்றவாளியாய்ப் பார்க்கிற பிள்ளை கடலையும் நேசிக்காது, தகப்பனையும் நேசிக்காது. சவேரியார் பிள்ளைகளுக்குச் செபத்தைக் கொடுத்து அனுப்பினார். குற்றப் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பவில்லை. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது கேள்வியும் ஆசையும்.

ஆகையால் கடலைப் பற்றிய பாடத்துக்கு வாத்தியார் யார் என்றால், கடலுக்குப் போனவர்கள்தான். கரும்பலகையில் படம் போட்டு, போட்டி வைத்து, பரிசு கொடுத்துப் போட்டோ எடுப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. பிறகு அந்தப் படத்தைக் கட்டிவந்த பிளாஸ்டிக் காகிதம் கடற்கரையிலேயே பறக்கிறது, அதையும் பார்த்திருக்கிறேன். அதைவிட ஒரு தாத்தாவை வகுப்புக்கு அழையுங்கள். கோவில் கோபுரத்தையும் ஒற்றைப் பனையையும் ஒன்றோடொன்று நேர்நிறுத்தி, நடுக்கடலில் இன்ன பார் இதுதான் என்று இடம் கண்டுபிடித்ததை அவர் சொல்லட்டும். வாடைக்கும் சோழகத்துக்கும் கச்சானுக்கும் எந்த மீன் எங்கே படும் என்று சொல்லட்டும். கடல்தாழை மேய வரும் கடற்பசுவை, நம் ஆட்கள் ஆவுளியா என்கிறதை, அவர் கண்ணால் கண்டிருப்பார். அது ஒரு வருஷத்துக்கு மேல் கர்ப்பம் சுமந்து ஒரே ஒரு கன்று போடுகிறது. அடுத்த கன்றுக்கு மூன்று வருஷமாவது ஆகும், அதிகமும் ஆகலாம். அதனால்தான் 2022-ல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்று ஒதுக்கினார்கள். இந்தக் கணக்கை ஆசிரியை சொல்லட்டும். அந்தத் தாய் கன்றை அணைத்துக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்குகிறதைத் தாத்தா சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால் பாடம் மனதில் நிற்கும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கடல் கரையில் முடிந்துவிடுவதில்லை; உங்கள் அடுப்படி வரை வருகிறது. விலை மலிவு என்று குஞ்சு மீனைக் கூறு கூறாய் வாங்குவதும், சினையோடிருக்கிறது ருசியாயிருக்கும் என்று கேட்டு வாங்குவதும் பிள்ளையின் கண் முன்னேயே நடக்கிறது. (நெத்திலியும் சூடையும் வளர்ந்தே சின்ன மீன், அதைப் பற்றிச் சொல்லவில்லை. எது சின்ன மீன், எது மீன் குஞ்சு என்று உங்களுக்கு என்னைவிட நன்றாய்த் தெரியும்.) நல்ல தண்ணீர் விஷயமும் அப்படியே. நம் மணல்மேட்டுக் கிணறுகளில் உப்புத் தண்ணீரின்மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. மணலை வாரிக் கொண்டுபோனாலும், மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் உப்பு மேலே ஏறிவிடும். ஒரு தடவை உப்பேறின கிணறு லேசில் திரும்பாது. 2015-ல் பிரான்சிஸ் பாப்பரசர் எழுதிய லவுதாத்தோ சீ என்ற நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், இந்தப் படிப்புக்குக் குடும்பமே முக்கியமான பள்ளிக்கூடம் என்ற கருத்தை வற்புறுத்துகிறார். சாப்பிடக்கூடிய அளவு மட்டும் சமைப்பது, தண்ணீரைச் சிக்கனமாய்ச் செலவிடுவது, வேண்டாத விளக்கை அணைப்பது ஆகியவற்றை ஒரு பாப்பரசர் நிருபத்திலே எழுத வேண்டுமா என்று சிலர் சிரித்தார்கள். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த சேசுநாதர் மிச்சத் துண்டுகளைச் சேகரிக்கச் சொன்னதை நினைத்துக்கொண்டால் சிரிப்பு வராது. நினைத்தால் இன்னும் ஆயிரம் அப்பத்தை உண்டாக்கக்கூடியவர்தாமே துண்டுகளை வீணாக்க மனமில்லாதிருந்தார்.

அந்தப் பையனுடைய தகப்பனாரோடு பேசிக்கொண்டிருக்கையில் ஒரு யோசனை வந்தது. தாய்லாந்து தேசத்து மீனவக் கிராமங்களில் நண்டு வங்கி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உயிரோடு கிடைத்த சினை நண்டைக் கரையிலே ஒரு தொட்டியில் விட்டு வைக்கிறார்கள். கறுத்த சினை ஓரிரு நாளில் பொரித்து, குஞ்சுகள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாய்த் தண்ணீரில் மிதக்கும். அவற்றைக் கடலில் விட்டுவிடுகிறார்கள். தாய் நண்டு வீணாவதில்லை, அதை விற்கலாம். இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. "அப்போ எடையில கொஞ்சந்தான் போகும் சாமி, நண்டு போகாதே!" என்றார். உபாகமத்தில் தாயை விட்டுக் குஞ்சை எடுத்துக்கொள்ளச் சொன்னது. இங்கே குஞ்சை விட்டுத் தாயை எடுத்துக்கொள்கிறோம். வழி மாறினாலும் இரண்டையும் சேர்த்து எடுக்காதே என்ற கற்பனை நிற்கிறது. மஞ்சள் சினைக்கு இன்னும் அதிக நாள் பிடிக்கும். அப்படிப்பட்ட நண்டை உயிரோடு கடலிலேயே விடுவதுதான் உத்தமம்.

இதை நம் பங்கிலே சிறிதாய்ச் செய்து பார்க்கலாமென்று பங்குப் பேரவையில் பேசியிருக்கிறோம். பழைய ஞானோபதேசக் கட்டடத்தின் பின்னாலே இருக்கும் சிமெண்ட் தொட்டியைக் கழுவிச் சுத்தம் செய்ய இளைஞர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடல் தண்ணீர் மாற்றுவதும், காற்று விடும் சின்ன மோட்டாரைப் பார்த்துக்கொள்வதும், எத்தனை நண்டு வந்தது, எத்தனை நாளில் பொரித்தது என்று நோட்டில் எழுதுவதும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பொறுப்பு. யார் கொடுத்தது என்று பேர் எழுத வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். நண்டு கொடுக்கிறவர்களுக்குப் பொரித்த பின் அதே நண்டு திரும்பக் கிடைக்கும். இடையிலே செத்துப்போனால் அதன் விலையைப் பங்கின் தர்மப் பணத்திலிருந்து கொடுத்துவிடுவோம். இதன் நுட்பங்களைத் தூத்துக்குடியிலுள்ள மீன்வளக் கல்லூரியாரிடமும் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு யாராவது இரண்டு ஆசிரியர்கள் என்னோடு வர முன்வந்தால் நன்றாயிருக்கும்.

வருகிற சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஞானோபதேசப் பிள்ளைகள் எல்லாரும் துறைக் குருசடியண்டை கூட வேண்டும். எழுபது வயதுக்கு மேற்பட்ட கடலோடிகள் மூன்று பேர் முத்துக்குளிப்பைப் பற்றியும், பார்களைப் பற்றியும் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும். தண்ணீர் சில்வர் செம்பிலோ வேறு பாத்திரத்திலோ இருக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். நண்டு வலைக்காரரும் வியாபாரிகளும் அன்றே ஆறு மணிக்கு, செபமாலைக்கு முன்னதாக, பங்கு வீட்டுக்கு வந்தால் தொட்டி விஷயத்தையும் முன்பண விஷயத்தையும் உட்கார்ந்து பேசலாம். முதல் நண்டைத் தானே கொண்டுவருவதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். அவன் தகப்பனாரும் சரி என்று சொல்லிவிட்டார்.

உங்கள் பங்குக் குரு